இடையில் ஆங்கிலம்

நண்பர்களே, லத்தீன் அமெரிக்கக் கதைகளை நாம் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் தமிழுக்குக் கொண்டுவருகிறோம். தைவானைப் பற்றி ஆங்கிலத்தில் வந்ததை ஸ்பானிஷில் பெயர்ப்பவர்களுக்கும் இதே பாடுதான். என் கட்சி இதுதான்: ஆங்கிலச் சொல்லை விடுங்கள், அந்தப் பொருளைப் பாருங்கள்.

டிராகன் படகு விழாவுக்குத் தைவானில் சோங்ஸி செய்வார்கள். பசையரிசியில் பன்றியிறைச்சி, காளான் எல்லாம் வைத்து, மூங்கில் இலையில் பொதிந்து, நூலால் கட்டி வேகவைப்பது. ஆங்கிலத்தில் இது 'ரைஸ் டம்ப்ளிங்'. அங்கே எதை எடுத்தாலும் டம்ப்ளிங்தான்! அதை நம்பி அகராதியைப் புரட்டினால் 'எம்பனாடிய்யா' என்று வரும். அது மாவை மடித்துப் பொரிப்பது. இலையும் இல்லை, நூலும் இல்லை. மெக்சிகோ, குவாத்தமாலா வாசகரிடம் 'அரிசி தமால்' என்று சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடிபடும். சோளமாவை இலையில் பொதிந்து அவிப்பது அவர்கள் பிறந்ததிலிருந்து தின்பது. ஸ்பெயின்காரருக்கு ஒரு வரி விளக்கம் தேவைப்படும். சரி, கொடுத்துவிட்டுப் போங்கள்.

அப்புறம், சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதம். ஆங்கிலத்தில் 'கோஸ்ட் மந்த்', அதாவது பேய் மாதம். ஸ்பானிஷில் 'ஃபான்டாஸ்மா' என்றால் பேய்க்கதை ஆகிவிடும். ஆன்மாக்கள் என்று பொருள்படும் 'ஆனிமாஸ்' என்றால் கத்தோலிக்கர்களுக்கு உத்தரிக்கிற ஸ்தலம்தான், இறந்தவர்களின் ஆன்மா மோட்சத்துக்கு முன் தூய்மை பெறும் இடம்தான், நினைவுக்கு வரும். தைவானில் பலர் அந்த மாதத்தில் பேய் என்று வாய்விட்டுச் சொல்லவே தயங்குவார்கள். 'நல்ல அண்ணன் தம்பிகள்' என்பார்கள். வாசலில் மேசை போட்டு அவர்களுக்குப் படையல் வைப்பார்கள். இதை 'புவேனோஸ் எர்மானோஸ்' என்று அப்படியே வைக்கலாமே! ஆனால் மெக்சிகோவின் இறந்தோர் நாளை இங்கே இழுத்துவராதீர்கள். அங்கே வருவது இறந்துபோன வீட்டுச் சொந்தம். இங்கே முக்கியமாகப் படைப்பது, கும்பிட ஆளில்லாத நாதியற்ற ஆவிகளுக்கு.

இன்னொன்று, கொஞ்சம் வேடிக்கையானது. தைவானின் வடகிழக்கு முனைக்கு, 1626இல் வந்த ஸ்பானியர்கள் சாந்தியாகோ என்று பேர் வைத்தார்கள். அது உள்ளூர் வாயில் சான்டியாவ் ஆனது. 1642இல் டச்சுக்காரர்கள் ஸ்பானியர்களை விரட்டிவிட்டார்கள்; பேர் மட்டும் தங்கிவிட்டது. ஆங்கில நூலில் 'கேப் சான்டியாவ்' என்றிருந்தால், ஸ்பானிஷில் பழையபடி சாந்தியாகோ ஆக்கலாமா? ஆசையாகத்தான் இருக்கும். நான் ஆக்கமாட்டேன். அந்த ஊர்க்காரர்கள் இன்று சொல்லும் பேர் சான்டியாவ்தான். சாந்தியாகோவுக்கு அடிக்குறிப்பில் இடம் கொடுத்தால் போதும்.