எந்த ஊர்ப் பெட்டி வந்தாலும் லாக் எப்படிப் பொருந்துகிறது?

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். தூத்துக்குடியில் டிரெய்லர் லாரி ஓட்டும் நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஐயா, அமெரிக்கத் தொழில் வரலாறு என்றால் எடிசன், ஃபோர்டு என்றே பேசுகிறீர்கள். எங்கள் வண்டியில் நான்கு மூலையிலும் லாக் இருக்கிறது. சீனாவிலிருந்து வரும் கன்டெய்னரும் அதில் உட்காருகிறது, ஜெர்மனியிலிருந்து வருவதும் உட்காருகிறது. இது யார் செய்த வேலை?"

மூன்று நாட்களாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தினமும் தன் கையால் அந்த லாக்கைத் திருகுகிறவருக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும்.

ஐயா, அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருக்கும் பெயர் கீத் டான்ட்லிங்கர். அமெரிக்கப் பொறியாளர். அவரை வேலைக்கு அழைத்தவர் மால்கம் மெக்லீன், வட கரோலினாவில் லாரி ஓட்டத் தொடங்கிப் பெரிய லாரி நிறுவனம் நடத்தியவர். 1956 ஏப்ரல் 26 அன்று நியூஜெர்சியின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 கன்டெய்னர் பெட்டிகளோடு ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதற்கு முன்பு பெட்டிகளைச் சோதித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பால்டிமோர் கப்பல் தளத்துக்கு டான்ட்லிங்கர் போய்ச் சேர்ந்தபோது, மெக்லீனும் கூட இருந்தவர்களும் பெட்டியின் கூரை மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்களாம். தாங்குகிறதா என்று பார்க்க அதைவிட நேரான வழி ஏது!

பெட்டியில் சரக்கை அடைத்து அனுப்புவது அப்போது புதிதே அல்ல. ரயில் நிறுவனங்கள் அதற்கு முன்பே செய்து பார்த்திருந்தன. ஏன் அது பரவவில்லை? என் பேச்சுகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்திருக்கும்: ஒன்றோடு ஒன்று பொருந்தும் வரை எந்தப் பொருளும் தொழிலை மாற்றுவதில்லை. ரயில் பாதையைப் பற்றிப் பேசியபோது சொன்னதுதான். அமெரிக்கத் தென் மாநிலங்களில் தண்டவாளத்தின் அகலம் ஐந்து அடி, வடக்கே அதைவிடக் குறைவு. எல்லையில் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும். 1886 மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டே நாட்களில் 11,000 மைலுக்கு மேற்பட்ட பாதையில் ஒரு பக்கத் தண்டவாளத்தை மூன்று அங்குலம் உள்ளே நகர்த்தினார்கள். ஆணிகளை முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார்கள். புது இன்ஜின் எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, மூன்று அங்குலம் நகர்ந்தது, அவ்வளவுதான். தெற்கும் வடக்கும் ஒரே சந்தையாக நெருங்கின.

பெட்டிக்கும் அதே கதைதான். மெக்லீனின் பெட்டி 35 அடி. ஹவாய்க்குக் கப்பல் விட்ட மேட்சன் நிறுவனத்தின் பெட்டி 24 அடி. ஒருவர் பெட்டி இன்னொருவர் கப்பலில் ஏறாது. 1961-இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு 10, 20, 30, 40 அடி என்று நீளங்களை வகுத்தது. நீளம் முடிவானாலும், லாக் போய் மாட்டிக்கொள்ளும் பெட்டியின் மூலைத் துளை பொருந்த வேண்டுமே? டான்ட்லிங்கர் அதற்குள் மெக்லீனின் நிறுவனத்தை விட்டு விலகியிருந்தார். இருந்தும், மூலை அமைப்பின் காப்புரிமையைப் பணம் வாங்காமல் எல்லோருக்கும் திறந்துவிடும்படி மெக்லீனிடம் பேசினார். மெக்லீனும் இசைந்தார். அந்த வடிவத்தை அடிப்படையாக வைத்துத்தான் உலகத் தரம் உருவானது. உங்கள் கையில் இருக்கும் லாக் எல்லா ஊர்ப் பெட்டிக்கும் பொருந்துவது அதனால்தான், ஐயா.

1956-இல் மூட்டையாகவும் பொதியாகவும் கப்பலில் ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆனது. பெட்டியாக ஏற்றியபோது 16 சென்ட்டுக்கும் குறைவு. மெக்லீன் அதில் பெரும் பணம் பார்த்தார், பிறகு இழக்கவும் செய்தார். எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி, எரிபொருளை மிச்சம் பிடிக்கும் மெதுவான பெரிய கப்பல்கள் 12-ஐக் கொரியாவில் கட்ட வைத்தார். 1986-இல் எண்ணெய் விலை விழுந்தது. வேகமாக ஓடும் கப்பல்களோடு போட்டி போட முடியாமல் அவருடைய யுனைடெட் ஸ்டேட்ஸ் லைன்ஸ் என்ற கப்பல் நிறுவனம் அந்த நவம்பரில் திவாலானது.

ஆனால் என் மனம் மெக்லீனிடம் நிற்கவில்லை. அந்த 5.83 டாலர் யார் கூலி என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கையில் கொக்கியோடு கப்பலின் அடித்தளத்தில் இறங்கி, காப்பி மூட்டையையும் பஞ்சுப் பொதியையும் ஒவ்வொன்றாக இழுத்த தொழிலாளர்களின் கூலிதான் அதில் பெரும் பங்கு. நியூயார்க்கின் மன்ஹாட்டன், புரூக்ளின் கரைகளில் அவர்கள் வேலை செய்த கப்பல் துறைகள் வெறிச்சோடின. எதிர்க்கரையில், நிறைய நிலம் இருந்த நியூஜெர்சிக்குக் கப்பல்கள் போய்விட்டன. சான் பிரான்சிஸ்கோவின் துறைகள் வாடி, வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஓக்லாந்து வளர்ந்தது. துறைமுகத்தை ஒட்டி இருந்தால்தான் செலவு குறையும் என்று நகரத்துக்குள் நெருக்கியடித்து நின்ற தொழிற்சாலைகளுக்கும் அங்கே இருக்கக் காரணம் இல்லாமல் போயிற்று.

அந்தத் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான துறைமுகத் தொழிலாளர் சங்கம் 1960-இல் ஓர் ஒப்பந்தம் போட்டது. இயந்திரம் வரட்டும், ஆனால் அதில் மிச்சமாகும் பணத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்றார்கள். முதலாளிகள் ஐந்தரை ஆண்டுகளில் சுமார் 2.9 கோடி டாலரைத் தொழிலாளர்களுக்கான நிதிக்குக் கட்ட ஒப்புக்கொண்டார்கள். வேலை நீக்கம் கிடையாது, முன்கூட்டியே ஓய்வு பெறுகிறவர்களுக்குத் தொகை உண்டு. நியூயார்க்கில் சங்கம் அதைவிட முரண்டு பிடித்தது. 1964-இல் தொடங்கிய பேச்சுவார்த்தையின் முடிவில், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு 1,600 மணி நேரக் கூலி உறுதி என்று வாங்கினார்கள். பெட்டியைச் செய்தவரின் பெயரைத் தேடுகிறோம், இந்த 1,600 மணி நேரத்தை வாங்கியவர்களை யாரும் தேடுவதில்லையே என்று எனக்கு ஆற்றாமை.

தூத்துக்குடி ஐயா, உங்கள் துறைமுகத்தில் மூட்டை சுமந்த பெரியவர்கள் யாராவது இருந்தால், முதல் கன்டெய்னர் வந்த நாளில் அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அடுத்த பதிவை அதிலிருந்தே தொடங்குகிறேன்.