பத்து சதவீத டிவிடெண்ட்: வட்டி காசாக வருகிறதா?

[திரையில்: புதுச்சேரி நேரு வீதி, மூன்று மாடிக் கட்டடம்]

வணக்கம். அமெரிக்காவில் வணிகக் கட்டடங்களுக்குக் கடன் கொடுக்கும் மார்ட்கேஜ் ரீட் (REIT, ரியல் எஸ்டேட் முதலீட்டு நிறுவனம்) பங்குகளில் சில 10 சதவீதத்துக்கு மேல் டிவிடெண்ட் காட்டுகின்றன. முதலீட்டு ஆப்பில் வாங்கும் முன் ஒரு கணக்கு போடுவோம்.

நேரு வீதியில் 10 கோடி ரூபாய் கட்டடம் ஒன்று. கடன் ஆறரைக் கோடி. செலவு போக வருட வாடகை 60 லட்சம் என்று வையுங்கள். வட்டி 4 சதவீதமென்றால் 26 லட்சம், சிரமமில்லை. எட்டரை சதவீதமானால் 55 லட்சத்து 25 ஆயிரம். மேல்மாடி ஆபீஸ் காலியாகி வாடகை 45 லட்சத்துக்கு இறங்கினால், வட்டிக்கே பத்து லட்சத்துக்கு மேல் துண்டு விழும்.

[திரையில்: வட்டி விகித வரைபடம்]

அமெரிக்காவில் நடந்ததும் இதுதான். இந்தக் கடன்களில் பெரும்பாலானவை மாறும் வட்டி. 2022 தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த பெடரல் ரிசர்வ் (அமெரிக்க மத்திய வங்கி) வட்டி, 2023 ஜூலையில் 5.25–5.50 சதவீதம். கோவிடுக்குப் பிறகு ஆபீஸ்களும் காலி.

ரீட் தன் வரிக்குரிய வருமானத்தில் 90 சதவீதத்தையாவது பங்கிட்டாக வேண்டும். அதனால் கெட்ட காலத்துக்கு ஒதுக்கிவைக்க அதிகம் மிஞ்சாது.

[திரையில்: காலாண்டு அறிக்கை, கடன் பட்டியல்]

காலாண்டு அறிக்கையில் நேரே கடன் பட்டியலுக்குப் போங்கள். பல நிறுவனங்கள் ஒவ்வொரு கடனுக்கும் 1 முதல் 5 வரை ரிஸ்க் மதிப்பெண் தருகின்றன. 5 மிக மோசம். 4, 5-இல் உள்ள தொகை காலாண்டுக்குக் காலாண்டு ஏறுகிறதா? அடுத்து, பிக் (PIK) வட்டி. கட்ட முடியாத வட்டியை அசலில் சேர்ப்பதுதான் அது. வருமானமாகக் கணக்கில் ஏறும், கையில் காசு வராது. நான் முதலில் தேடச் சொல்வது இந்த வரியைத்தான். கடன் வாங்கியவர் கைவிட்டு கட்டடமே ரீட்டிடம் வந்துவிட்டால், வட்டி நின்று பராமரிப்புச் செலவு தொடங்கும்.

இன்னொரு பொறி: டிவிடெண்டுக்கு அளவுகோலாக நிறுவனம் காட்டும் 'பங்கிடத்தக்க வருமானம்'. வாராக்கடனுக்கு ஒதுக்கிய தொகையை, நஷ்டம் உறுதியாகும்வரை பொதுவாக இதில் கழிக்கமாட்டார்கள். டிவிடெண்டுக்குப் போதுமான வருமானம் இருப்பதுபோலவே தெரியும். பிறகு ஒரே காலாண்டில் விழும். இப்படிப்பட்ட ரீட்டான பிளாக்ஸ்டோன் மார்ட்கேஜ் டிரஸ்ட் 2024 ஜூலையில் காலாண்டு டிவிடெண்டை 62 சென்டிலிருந்து 47 சென்டாகக் குறைத்தது.

ரீட்டும் வங்கிகளிடம் கடன் வாங்கித்தான் கடன் கொடுக்கிறது. வங்கியிடம் ஈடாக வைத்த கடனின் மதிப்பு சரிந்தால், வங்கி தன் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாம். ரொக்கக் கையிருப்பையும் பார்த்துவிடுங்கள்.

[திரையில்: வரிக் கணக்கு]

டபிள்யூ-8பென் (W-8BEN, அமெரிக்கர் அல்லாதவர் என்று உறுதிகூறும் வரிப் படிவம்) கொடுத்த இந்தியருக்கு டிவிடெண்டில் 25 சதவீதம் அமெரிக்காவிலேயே பிடித்தம். 10 சதவீதம் கைக்கு வரும்போது ஏழரை. வருமானவரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் இந்தப் பங்குகளைக் காட்டியாக வேண்டும்.