பார்த்து நடக்கக் கூடாதா?

(வண்ணாரப்பேட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட். 20 வருடமாக ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று வீடு வீடாகப் போய் வருகிறேன். வயதானவர் யாராவது விழுந்துவிட்டார் என்று கூப்பிடுவார்கள். போனால், கட்டிலில் படுத்திருப்பவர் வாயைத் திறப்பதற்குள் வீட்டில் ஒருவர் முந்திக்கொள்வார்: "பார்த்து நடந்தா என்ன சார்? சொன்னா கேக்கறதே இல்ல." அந்த இடத்தில் எனக்கு மனசு வலிக்கும். நடை முழுக்கக் கண்ணில் இருக்கிறது என்று நினைத்துத்தானே அப்படிச் சொல்கிறோம்?

ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். பெரியவர்கள் வேண்டாம், உட்கார்ந்தே பாருங்கள். பாதம் இரண்டையும் ஒட்டி வைத்துக் கண்ணை மூடுங்கள். அரை நிமிடம்... ஆடுகிறது இல்லையா? கணுக்கால் பக்கத்தில் குட்டிக் குட்டியாக இழுபடுவது தெரிகிறதா? சரி, உட்காருங்கள். நிற்கும்போது உடம்பின் பாரம் கணுக்காலுக்குச் சற்று முன்னால்தான் விழுகிறது. ஆகவே எந்நேரமும் முன்பக்கம் சாயப் பார்க்கிறோம். கெண்டைக்கால் தசை பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிறது. ரேஷன் கடை வரிசையில் "சும்மா நின்னதுக்கே கால் வலிக்குது" என்கிறோமே, சும்மா நிற்கவே இல்லை.

எவ்வளவு இழுக்க வேண்டும் என்று அந்தத் தசைக்கு எப்படித் தெரியும்? மூளைக்கு மூன்று இடத்திலிருந்து தகவல் வருகிறது. கண் ஒன்று. உள்காது இன்னொன்று. அங்கே திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதைச் சொல்கின்றன. பக்கத்திலேயே இரண்டு சிறு பைகளில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் தலை சாய்வதைச் சொல்கின்றன. மூன்றாவது, கால். தசைக்குள் நூற்கதிர் வடிவில் இருக்கும் நுண்ணிய உணர் உறுப்புகள் தாங்கள் எவ்வளவு இழுபட்டிருக்கிறோம் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். பாதத்தின் தோல் எந்தப் பக்கம் அழுத்தம் கூடுகிறது என்று சொல்லும். காசிமேட்டில் பல நாள் கடலில் கிடந்துவிட்டு விசைப்படகிலிருந்து இறங்குகிறவர்களைக் கேட்டுப்பாருங்கள், "தரை ஆடுது" என்பார்கள். தரை ஆடவில்லை. படகுக்குப் பழகின கணக்கை மூளை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

ரொம்ப நாள் சர்க்கரை இருப்பவர்கள் பலருக்கு இந்த மூன்றாவது தகவல்தான் மங்கிப்போகிறது. தண்டையார்பேட்டையில் ஓர் அம்மா. ஒரு கால் செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது. வீட்டு வாசலில் குனிந்து பார்க்கும்வரை அவருக்குத் தெரியவில்லை. பகலில் நன்றாகவே நடப்பார். விழுந்தது இரண்டு தடவை. ஒன்று, ராத்திரி கரண்ட் போனபோது. இன்னொன்று, குளிக்கும்போது முகத்துக்கு சோப்பு போட்டுக் கண்ணை மூடினபோது. பாதம் பேசாமல் போனதால் அந்த அம்மா இத்தனை நாளும் கண்ணால்தான் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்துத்தான் வீட்டில் கேட்டார்கள், பார்த்து நடக்கக் கூடாதா என்று! அவர் பார்த்து மட்டுமே நடந்தவர். பார்க்க முடியாத நேரத்தில் விழுந்தார். சற்று முன்னால் நீங்கள் கண்ணை மூடி நின்றீர்களே, அதை 19-ஆம் நூற்றாண்டில் பெர்லினில் ரோம்பெர்க் என்ற மருத்துவர் எழுதிவைத்தார். இன்றைக்கும் நரம்பு மருத்துவர்கள் செய்து பார்க்கிற சோதனை அது. கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு விடிவிளக்கு, குளிக்கிற இடத்தில் சுவரில் ஒரு கைப்பிடி, தினமும் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள். அந்த வீட்டில் நான் கேட்டது இவ்வளவுதான்.

அப்புறம், நடை. 1911-இல் தாமஸ் கிரகாம் பிரவுன் என்ற உடலியல் விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். பின்னாளில் ஆல்ப்ஸ் மலையேறியாகவும் பேர் வாங்கியவர் இவர். பூனையின் தண்டுவடத்தை மூளையிலிருந்து துண்டித்து, காலிலிருந்து வரும் உணர்வு நரம்புகளையும் அறுத்துவிட்டுப் பார்த்தார். அப்படியும் கால் தசைகள் மடக்கு, நீட்டு, மடக்கு, நீட்டு என்று தாளம் தப்பாமல் இயங்கின. அந்தத் தாளம் தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறது. 1966-இல் ஷிக், செவெரின், ஓர்லோவ்ஸ்கி என்ற மூன்று சோவியத் விஞ்ஞானிகள் பூனையின் நடுமூளையில் ஓரிடத்தை லேசான மின்சாரத்தால் தூண்டினார்கள். பூனை நடந்தது. மின்சாரத்தைக் கூட்டினால் ஓடியது. நம்ம ஊரில் கானா பாடுகிறவர் டோலக் அடிக்கிறவருக்கு ஒவ்வொரு அடியையும் சொல்லித் தருவதில்லை, தலையை ஆட்டினால் போதும். மூளையும் தண்டுவடத்திடம் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்கிறது. போட்ட கணக்குக்கும் காலில் நடந்ததற்கும் வித்தியாசம் வந்தால் சிறுமூளை திருத்திக் கொடுக்கிறது.

வீட்டுக்குப் போய் ஒன்று செய்து பாருங்கள். சுவரோரமாக, இடது தோளும் இடது பாதமும் சுவரில் ஒட்டும்படி நின்றுகொண்டு வலது காலைத் தூக்குங்கள். தூக்கி நிற்க முடியாது. காலைத் தூக்குவதற்கு ஒரு கணம் முன்னாலேயே பாரத்தை மறுபக்கம் சாய்த்துவிடுவது உடம்பின் வழக்கம். சுவர் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் விவரித்து எழுதிய நடுக்கு வாதத்தில், அதாவது பார்க்கின்சன் நோயில், மூளையில் டோபமின் என்கிற ரசாயனம் குறைந்துபோய், அந்தக் 'கிளம்பு' என்கிற சைகையே தடுமாறுகிறது. ராயபுரத்தில் ஒரு பெரியவர், துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நிலைப்படிக்கு வந்ததும் பாதம் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவார். பின்னாலிருந்து தள்ளினால் விழுவார். இப்படி உறைந்துபோகிறவர்களில் பலருக்குத் தரையில் குறுக்குக் கோடு போட்டால் கால் எழும்பும். தானாக வராத அடி, கோட்டைத் தாண்டுகிற வேலையாக மாறும்போது கண் காட்டும் வழியில் வந்துவிடுகிறது. மருமகளிடம் சொன்னேன். மறுநாள் வாசலில் கோலம் போட்டுவிட்டு, அதே மாவால் நிலைப்படிக்கு உள்ளே அடிக்கொன்றாக நாலு கோடு இழுத்திருந்தார். பெரியவர் முதல் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வலது காலைத் தூக்கி வைத்தார். அப்புறம் இடது.