5 நட்சத்திரமும் 300 மில்லி தண்ணீரும்

வணக்கம் நண்பர்களே. என் கையில் இருப்பது மருந்துக்கடையில் வாங்கிய ஆணுறைப் பெட்டி. இணையத்தில் இதற்கு 4.3 நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். கருத்துகளைப் படித்தால், பாதிப்பேர் மணத்தைப் பற்றியும் மீதிப்பேர் பொட்டலம் வந்து சேர்ந்த வேகத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். ஓட்டை இருக்கிறதா, எவ்வளவு இழுவிசை தாங்கும் என்பதையெல்லாம் வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்து அளக்க முடியாது. அதை அளப்பது ஆய்வகத்தின் வேலை.

லேடெக்ஸ், அதாவது ரப்பர்ப் பாலில் செய்த ஆணுறைக்கான உலகத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 4074. அதில் எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர்ச் சோதனை. உறையில் 300 மில்லி தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, ஒரு நிமிடம் கசிவு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரியாவிட்டால் வாயைக் கட்டி, உறிஞ்சும் தாளின் மேல் உருட்டி, தாளில் ஈரப்புள்ளி விழுகிறதா என்று தேடுவார்கள். வழக்கமான தொகுதி ஒன்றிலிருந்து 315 உறைகளை எடுத்து இப்படிச் சோதிக்கும்போது, இரண்டு வரை கசிந்தால் தொகுதி தேறும், மூன்று கசிந்தால் லட்சக்கணக்கில் இருந்தாலும் அந்தத் தொகுதி முழுவதும் நிராகரிக்கப்படும்.

அடுத்தது காற்றுச் சோதனை. என் பெட்டியில் அகலம் 53 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. இந்த அளவுள்ள உறை வெடிப்பதற்கு முன் குறைந்தது 18 லிட்டர் காற்றைத் தாங்க வேண்டும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர்க் கேனை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அந்த அளவுக்கு ஊதிப் பெரிதாகும். இது போதாதென்று, 70 டிகிரி வெப்பத்தில் ஏழு நாள் ஆய்வக வெப்பப் பெட்டியில் வைத்து எடுத்த உறைகளையும் இதே சோதனைக்கு உட்படுத்துவார்கள். வெயில் அடிக்கும் கடை அலமாரியை நினைத்தால் அது நியாயமான கெடுபிடிதான்.

இவையெல்லாம் தேர்ச்சியா இல்லையா என்று சொல்லுமே தவிர, தேறியவற்றுள் எது மேல் என்று சொல்லாது. அந்த ஒப்பீட்டைச் செய்யும் அமைப்புகளில் ஜெர்மனியின் ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் குறிப்பிடத்தக்கது. 1964-இல் தொடங்கிய அந்த அமைப்பு, நிறுவனங்கள் அனுப்பும் மாதிரிகளை நம்பாமல், சாதாரண வாடிக்கையாளரைப் போலக் கடையில் காசு கொடுத்து வாங்கிச் சோதிக்கிறது. அதன் இதழ்களில் விளம்பரமும் கிடையாது. 2019-இல் அது பாலியல் கருவிகளைச் சோதித்தபோது, சிலவற்றில் தீங்கான வேதிப்பொருட்கள் இருப்பது தெரிய வந்தது. வடிவத்தையும் விசையையும் பார்த்து மதிப்பெண் போடும் என்னைப் போன்ற காணொளிக்காரர் எவரும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. எனக்கே ஒரு நிறுவனம் இலவசப் பெட்டியை அனுப்பி, ‘5 நட்சத்திரத்துக்குக் குறையாமல் பேசுங்கள்’ என்று எழுதியதுண்டு. திருப்பி அனுப்பிவிட்டேன்.

லூப்ரிகண்ட், அதாவது உடலுறவின்போது உராய்வைக் குறைக்கப் பூசும் ஜெல் விஷயத்தில் நிலைமை இன்னும் மங்கல். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வெளியிட்ட குறிப்பு இரண்டு எண்களைப் பார்க்கச் சொல்கிறது. ஒன்று பி.எச்., அதாவது அமிலத்தன்மையின் அளவு; பெண்ணுறுப்புக்கு அது 4.5 அளவில் இருப்பது நல்லது. மற்றொன்று ஆஸ்மோலாலிட்டி, அதாவது கரைந்த பொருட்களின் அடர்த்தி. அது 1200-ஐத் தாண்டக் கூடாது. கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் அதிகமாகக் கலந்த ஜெல்லில் இந்த எண் எகிறும். அப்போது, உப்பிட்ட வெள்ளரிக்காய் நீர்விடுவதைப் போல, ஜெல் உடலின் மெல்லிய தோலிலிருந்து நீரை இழுத்து அதைப் புண்ணாக்கும்.

லூப்ரிகண்டுக்குப் பதிலாக வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெயை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், கனிம எண்ணெய் பட்ட 60 நொடியில் லேடெக்ஸ் உறையின் வலு ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்தது. தேங்காய் எண்ணெயும் எண்ணெய்தான். லேடெக்ஸோடு அதைச் சேர்க்காதீர்கள்.

இதோ என் லூப்ரிகண்ட் குப்பி. பி.எச். அச்சிட்டிருக்கிறது, ஆஸ்மோலாலிட்டி இல்லை. அந்த எண்ணைக் கேட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதிலுக்கு 10 விழுக்காடு தள்ளுபடிக் கூப்பன் வந்தது.