‘திலாவா’வில் போனவர்களுக்கு ஒரு சுவர் வேண்டும்

வணக்கம். பின்னால் லாரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மும்பை பல்லார்ட் எஸ்டேட்டில் நிற்கிறேன். சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வந்துவிட்டேன். இந்தக் கட்டடங்களுக்குப் பின்னால்தான் துறைமுகம். இங்கே முதல் உலகப் போரின் நினைவாக ஒரு கல்தூண் இருக்கிறது, உச்சியில் விளக்கு வைத்தது. பலமுறை இதைத் தாண்டிப் போயிருக்கிறேன். இன்றுதான் நின்று படித்தேன். காரணம், மூன்று வாரமாக ஒரு கப்பல் என் மனதைவிட்டுப் போகவில்லை.

கப்பலின் பெயர் ‘திலாவா’. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் பயணிகள் கப்பல். 1942 நவம்பர் 20 அன்று பம்பாயிலிருந்து புறப்பட்டது. மொம்பாசா, மபுட்டோ, டர்பன் என்று கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரமாகப் போக வேண்டிய பயணம். கப்பலில் மொத்தம் 958 பேர். அதில் 732 பேர் பயணிகள், பெரும்பாலும் இந்தியர்கள், குஜராத்திகள் நிறைய. கடை வைத்திருந்தவர்கள், வேலைக்குப் போனவர்கள், அங்கே இருந்த கணவனிடமும் அப்பாவிடமும் போய்ச் சேரக் கிளம்பிய பெண்களும் குழந்தைகளும். போர்க்காலம் என்று தெரிந்துதான் ஏறினார்கள். குடும்பம் அந்தக் கரையில் இருக்கும்போது என்ன செய்வார்கள்?

நவம்பர் 23 விடியற்காலை, இருட்டு பிரியவில்லை. ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் டார்பிடோ வீசியது. தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியவர்கள், படகுகளை இறக்கத் தெரியாமல் இறக்கியவர்கள், கவிழ்ந்த படகுகள். ஆனால் கப்பல் உடனே மூழ்கவில்லை, மிதந்துகொண்டு நின்றது. அதைப் பார்த்துவிட்டு, தப்பித்தோம் என்று நினைத்து, படகில் இருந்தவர்களில் சிலர் திரும்பவும் கப்பலில் ஏறினார்கள். அப்புறம்தான் இரண்டாவது டார்பிடோ வந்தது.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். திரும்பி ஏறினார்களே.

டங்கன் என்ற ரேடியோ அதிகாரி கடைசிவரை உட்கார்ந்து உதவி கேட்டுச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் கப்பலோடு போனார். கடலில் மிதந்தவர்கள் இரண்டு நாள் கழித்து, 25ஆம் தேதிதான், ‘பர்மிங்ஹாம்’ என்ற போர்க்கப்பலைப் பார்த்தார்கள். அது 674 பேரை ஏற்றிக்கொண்டு 27ஆம் தேதி பம்பாய்க்குத் திரும்பியது. இன்னும் நாலு பேரை வேறு கப்பல் காப்பாற்றியது. 280 பேர் வரவில்லை. அவர்களில் 252 பேர் பயணிகள், 28 பேர் ஊழியர்கள்.

இந்த 252, 28 கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நான் கேட்க வந்த விஷயம் அதில்தான் இருக்கிறது.

போரில் கடலில் இறந்த இந்திய மாலுமிகளுக்கென்று ஒரு பதிவுப் புத்தகம் இருக்கிறது. இங்கிருந்து தூரமில்லை, மஸ்ஜித் பந்தர் பக்கம், இந்தியன் செய்லர்ஸ் ஹோமில். இன்னொரு பிரதி சிட்டகாங்கில். 6,000க்கும் மேற்பட்ட பெயர்கள். பிரிட்டிஷ் வணிகக் கப்பல் ஊழியர்களுக்கு லண்டன் டவர் ஹில்லில் பெரிய நினைவகமே உண்டு. கப்பலில் வேலை பார்த்தவர் போர்ப் பணியில் இறந்தவராகக் கணக்கில் வருகிறார். அது மிகச் சரி. ஆனால் டிக்கெட் வாங்கி ஏறிய ஒரு அம்மா, அவர் மடியில் இருந்த குழந்தை? மாலுமிகளின் புத்தகத்தில் அவர்களுக்குப் பக்கம் கிடையாது. அவர்களையும் அதே போர்தான் கொன்றது.

அடுத்து சொல்லப்போவது என்னை ரொம்பவே வருத்தியது. திலாவாவில் 2,364 வெள்ளிக் கட்டிகள் இருந்தன. தென்னாப்பிரிக்க அரசு நாணயம் அடிக்க வாங்கியது. 2017இல் ஒரு கம்பெனி சுமார் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்துக்கு இயந்திரங்களை இறக்கி அந்த வெள்ளியை மேலே எடுத்தது. மதிப்பு சுமார் 43 மில்லியன் டாலர். மீட்டதற்குக் கூலி வேண்டும் என்று வழக்கு. அது பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 மே மாதம் தென்னாப்பிரிக்காவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வழக்கைக் குறை சொல்லவில்லை, அது அவர்களுடைய சொத்து. ஆனால் வெள்ளியை ஒவ்வொரு கட்டியாக எண்ணிச் சொல்ல முடிகிற நமக்கு, அதே கப்பலில் போன 252 பேரையும் பெயர் பெயராகச் சொல்லத் தெரிய வேண்டாமா?

போன வீடியோவின் கமென்டில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: “அண்ணா, அதில் தமிழர் இருந்தாங்களா, நமக்கு இதில் என்ன?” தம்பி, 1860இல் மதராஸிலிருந்து கப்பலேறி நம் ஆட்கள் போய் இறங்கியது டர்பனில்தான். திலாவா கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய ஊரும் அதே டர்பன். கடல் தாண்டிப் பிழைக்கப் போன வீடுகளில் எதுவுமே இதை அந்நியமாகப் பார்க்காது. என் பாட்டி ரங்கூனிலிருந்து திரும்பியவர். கப்பல் என்ற சொல்லைக் கேட்டாலே பேச்சை நிறுத்திவிடுவார். அந்த மௌனத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1943 ஏப்ரல் கடைசியில், மடகாஸ்கருக்கு அருகே, ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து நேதாஜியை ஏற்றிக்கொண்டு சுமத்ரா பக்கம் உள்ள சபாங் துறைமுகம் வரை கொண்டுபோனதே ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி, அதுவும் இந்த ஐ-29தான். என் வீட்டுச் சுவரில் நேதாஜி படம் இருக்கிறது. இதைப் படித்த அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. படத்தைக் கழற்றவும் இல்லை. இரண்டும் நம் வரலாறுதான், இரண்டையும் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1944இல் அந்த நீர்மூழ்கியும் அமெரிக்கத் தாக்குதலில் மூழ்கியது. அதிலும் மனிதர்கள் இருந்தார்கள்.

நினைவுச் சின்னம் வைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ‘மெண்டி’ என்ற கப்பலைச் சொல்வேன். 1917 பிப்ரவரியில், பனிமூட்டத்தில் வேறொரு கப்பல் மோதி, இங்கிலாந்துக் கரைக்கு அருகே மூழ்கியது. 600க்கும் மேற்பட்ட கறுப்பினத் தென்னாப்பிரிக்கர்கள் இறந்தார்கள். போரில் சுமை தூக்க அழைத்துப் போகப்பட்டவர்கள். சவுதாம்ப்டனில் ஹாலிபுரூக் நினைவகத்தில் அவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இன்று தென்னாப்பிரிக்காவில் வீரத்துக்குத் தருகிற விருதின் பெயரே மெண்டி. பெயர் கல்லில் இருந்ததால் பேரப்பிள்ளைகள் தேடிப் போக ஓர் இடம் இருந்தது.

திலாவா குடும்பங்களும் சும்மா இல்லை. 2022இல், 80ஆம் ஆண்டு நினைவாக, பல நாடுகளிலிருந்து வந்து இதே மும்பையில் கூடினார்கள். அவர்களோடு நாமும் சேர வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

தயவுசெய்து எனக்குப் பணம் அனுப்பாதீர்கள். நான் எந்த நிதியும் வசூலிக்கவில்லை. யாராவது என் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். எனக்கு வேண்டியது கையெழுத்து. துறைமுகத்துக்கும் மாநகராட்சிக்கும் ஒரு மனு எழுதியிருக்கிறேன். துறைமுகத்தைப் பார்த்தபடி, யார் வேண்டுமானாலும் டிக்கெட் இல்லாமல் வந்து நிற்கிற இடத்தில், பயணி, ஊழியர் என்று பிரிக்காமல் 280 பெயரும் ஒரே சுவரில் வர வேண்டும். மராத்தி, குஜராத்தி, ஆங்கிலம் மூன்றிலும். மனுவைக் கீழே இணைத்திருக்கிறேன். படித்துப் பார்த்துப் பிடித்திருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

டர்பனிலும் நைரோபியிலும் மொம்பாசாவிலும் இருந்து இதைப் பார்க்கிறவர்கள் இருந்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் திலாவா என்ற பெயரை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பழைய பெட்டியில் ஒரு டிக்கெட், ஒரு தந்தி, ஒரு போட்டோ இருக்கலாம். அசலை யாருக்கும் அனுப்ப வேண்டாம். போனில் படம் எடுத்து, அது யார், எந்த ஊர் என்று பெரியவர் சொல்வதைக் கூடவே பதிவு செய்து வையுங்கள். பெயரை எப்படி உச்சரித்தார்கள் என்பது முக்கியம், கல்லில் தப்பாக வெட்டிவிடக் கூடாது.

வருகிற நவம்பர் 23 காலை ஏழு மணிக்கு நான் இங்கே, இந்தத் தூணுக்குப் பக்கத்தில் இருப்பேன். முந்தின நாள் மாட்டுங்காவில் பூ வாங்கிவிடுவேன். மும்பையில் இருப்பவர்கள் வாருங்கள், மைக் இல்லை, மேடை இல்லை. கையில் அன்றைக்குள் சேர்ந்திருக்கிற பெயர்களை வைத்து, ஒவ்வொன்றாக வாசிப்போம்.