மீன் படாத நாளிலும் டிப்ஸ்

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் மீன்பிடி பற்றிப் பேச வாருங்கள் என்று கேட்டபோது, எந்தத் தூண்டில் வாங்குவது, என்ன இரை போடுவது என்று நான் சொல்வேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அதைச் சொல்லித்தர ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என் மனசில் நெடுநாளாகக் கிடப்பது வேறு விடயம். கோடை வந்தால் இங்கே கனடாவில் எங்கள் தமிழ் ஆட்கள் நாலைந்து பேர் சேர்ந்து, காசு போட்டு, ஒன்ராறியோ ஏரியில் சால்மன் பிடிக்கப் படகும் கப்டனும் பேசிக்கொண்டு போகிறார்கள் அல்லவா? அந்தப் படகு திரும்பிக் கரைக்கு வந்ததும் ஒரு ஐந்து நிமிடம் வரும். ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், ஒருவர் போன் கதைக்கத் தள்ளிப் போவார், ஒருவர் காரைத் திறக்கப் போவார். டிப்ஸ், அதாவது கட்டணத்துக்கு மேல் கையில் கொடுக்கிற அன்பளிப்புக் காசு, கொடுப்பதா, யாருக்கு, எவ்வளவு? அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் நான் இன்று கதைக்கப் போகிறேன்.

முதலில் அந்தப் படகில் யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்காபரோவில் ப்ளஃபர்ஸ் பார்க், மேற்கே போர்ட் கிரெடிட், கிழக்கே விட்பி, எங்கே ஏறினாலும் பெரும்பாலும் ஆறு பேர் வரைதான் ஏற்றுவார்கள். கப்டன் ஓட்டுவார். பல படகுகளில் கூடவே ஒரு உதவியாள் இருப்பார், மேட் என்று சொல்வார்கள், அனேகமாக ஒரு இளம் பொடியன். நீங்கள் விடிய ஐந்து மணிக்கு வந்து ஏறும்போது அவர் வந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். ஈயக்குண்டைக் கம்பியில் கட்டி ஆழத்துக்கு இறக்குவது, எட்டுப் பத்துத் தூண்டிலை ஒன்றோடொன்று சிக்காமல் ஓடவிடுவது, மீன் இழுத்தால் உங்கள் கையில் தடியைத் தந்துவிட்டு மற்றதை எல்லாம் ஓடி ஓடிச் சுற்றி எடுப்பது, வலைக்கரண்டியால் மீனைத் தூக்குவது, கடல்நோய் மாதிரி யாருக்காவது தலை சுற்றினால் வாளியோடு நிற்பது, எல்லாம் அவர்தான். நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு படகைக் கழுவுவதும் அவர்தான்.

சரி, எவ்வளவு? கனடாவிலும் அமெரிக்காவிலும் பொதுவாக நடக்கிற கணக்கு, பயணக் கட்டணத்தில் 15 முதல் 20 வீதம். பேசின விலைக்குத்தான் இந்தக் கணக்கு, அதன் மேல் வருகிற 13 வீத வரிக்கு இல்லை. படகுக்கு 700 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 15 வீதம் என்றால் 105, 20 வீதம் என்றால் 140. ஆறு பேர் பிரித்தால் ஒருவருக்குப் பதினெட்டு, இருபத்துநாலு டொலருக்குள்தான். ஆளைத் தள்ளிப்போய்ப் போன் கதைக்க வைக்கிற காசா இது? உணவகத்தில் அட்டை போடுகிற மெஷின் தானாகவே 15, 18, 20 என்று கேட்கிறது, நாங்களும் ஒன்றை அமத்திவிட்டு வருகிறோம். படகுத்துறையில் கேட்பதற்கு மெஷின் இல்லை, அந்தப் பொடியனும் வாய் திறந்து கேட்க மாட்டான். அதனால்தான் இந்தக் காசு விட்டுப்போகிறது, மனசில்லாததால் இல்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். மீன் படாத நாள்.

ஒரு ஜூலை மாதக் கடைசியில் நாங்கள் ஆறு பேர் போனோம், லண்டனில் இருந்து வந்த உறவினர் ஒருவருக்காக. முதல் நாள் இரவு கப்டன் போன் எடுத்துச் சொன்னார்: இரண்டு நாளாக மேற்குக் காற்று பலமாக அடிக்கிறது, ஏரி புரண்டுவிட்டது, விரும்பினால் வேறு நாளுக்கு மாற்றித் தருகிறேன் என்று. ஏரி புரள்வது என்றால் என்ன என்று கேட்பீர்கள். கோடையில் மேலே சூடான தண்ணீரும் கீழே குளிர்ந்த தண்ணீரும் இருக்கும் அல்லவா, மேற்குக் காற்று தொடர்ந்து அடித்தால் எங்கள் பக்க வடக்குக் கரையில் இருக்கிற சூட்டுத் தண்ணீரைத் தெற்கே தள்ளிவிடும், அந்த இடத்துக்குக் கீழே இருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். இருபது பாகைக்குக் கிட்ட இருந்த தண்ணீர் ஓரிரு நாளில் பத்துக்குக் கீழே கூடப் போய்விடும். நீந்தப் போய்க் காலை வைத்துவிட்டு ஓடி வந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். சால்மனுக்குப் பிடித்தது பத்துக்கும் பதின்மூன்றுக்கும் இடைப்பட்ட சூடு. அது குழம்பினால் மீன் எங்கே நிற்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

உறவினர் திங்கட்கிழமை திரும்புகிறார், அதனால் போவோம் என்று நாங்கள்தான் சொன்னோம். இதைக் கவனியுங்கள், கப்டன் மறைக்கவில்லை, நாங்கள் தெரிந்துதான் போனோம். அன்று அந்த மேட் பொடியன் பட்ட பாடு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. நாற்பது அடியில் விட்டுப் பார்த்தான், எழுபதில் பார்த்தான், நூறுக்கும் கீழே இறக்கினான். ஸ்பூன் என்கிற தகட்டு இரையில் பச்சையைக் கழற்றி வெள்ளை போட்டான், வெள்ளையைக் கழற்றி நீலம் போட்டான். கப்டனும் எண்ணெய் செலவைப் பார்க்காமல் சூட்டுத் தண்ணீரைத் தேடி தெற்கே வெகுதூரம் ஓட்டினார். ஒரே ஒரு மீன் கொத்தியது, அதுவும் பாதி வழியில் கழன்று போய்விட்டது. வெறும் பெட்டியோடு கரைக்கு வந்தோம்.

அங்கேதான் மச்சான் ஒருவர் சொன்னார், "மீனே படேல்லை, பிறகென்ன டிப்ஸ்?" நாலு பேர் தலையாட்டினார்கள். எங்களோடு வந்த ஐயா ஒருவர் மயிலிட்டியில் கடலுக்குப் போய் வளர்ந்தவர், எழுபது தாண்டிவிட்டது, நாள் முழுக்க அதிகம் கதைக்கவும் இல்லை. அவர்தான் திரும்பிச் சொன்னார், "தம்பி, ஊரில நாங்கள் பங்குக்குப் போனனாங்கள். பட்டால் எல்லாருக்கும் பங்கு, படாட்டி எல்லாருக்கும் நட்டம். இந்தப் பொடியனுக்கு மீனில பங்கு குடுக்கப் போறியளோ? இல்லையே. மீனில பங்கில்லாதவனுக்கு நட்டத்தில மட்டும் பங்கு எப்பிடி வரும்?" சொல்லிவிட்டுச் சட்டைப் பைக்குள் இருந்து முப்பது டொலரை எடுத்து முதல் ஆளாக என் கையில் வைத்தார். பிறகு யாரும் எதுவும் கதைக்கவில்லை, எல்லாரும் எடுத்தார்கள்.

எங்கள் ஆட்கள் கஞ்சர்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கலியாண வீட்டில் மொய் எழுதுகிற கை எங்கள் கை. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் ஐயா சொன்னதுதான் என்று நினைக்கிறேன். கரையோர ஊர்களில் மீன்பிடிக் கூலி என்றாலே பங்குதான், செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பிரிப்பது, கறிக்கு ஒரு கோர்வை மீன். அந்தக் கணக்கு எங்களுக்குள் ஊறிக் கிடக்கிறது. ஆனால் இங்கே மீன் முழுக்க உங்களுடையது, பிடிபட்ட பதினைந்து கிலோ சால்மனோடு படம் எடுத்துப் போடுவதும் நீங்கள்தான். அவர் விற்றது தன் உழைப்பை. ஆகவே டிப்ஸ் உழைப்புக்கு. திரும்பவும் சொல்கிறேன், மீனுக்கு இல்லை, உழைப்புக்கு. மீன் குவிந்த நாளில் கூடக் கொடுக்க ஆசையாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள், மீன் இல்லாத நாளில் குறைக்காதீர்கள்.

இன்னொரு விடயம் கனபேருக்குத் தெரியாது. ஒன்ராறியோவில் வேட்டை, மீன்பிடி, காட்டு வழிகாட்டிகளுக்கு என்று குறைந்தபட்சச் சம்பளம் தனியாக இருக்கிறது, அது மணித்தியாலக் கணக்கில் இல்லை. 2024 அக்டோபர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தபடி, ஒரு நாளில் ஐந்து மணித்தியாலத்துக்குக் குறைந்த வேலைக்கு 86 டொலர், ஐந்தோ அதற்கு மேலோ என்றால் 172 டொலர் 5 சதம் என்று இருந்தது. அதே திகதியில் மற்ற வேலைகளுக்குப் பொதுக் குறைந்தபட்சம் மணிக்கு 17 டொலர் 20 சதமாக இருந்தது. மதுச்சாலையில் பரிமாறுகிறவர்களுக்குக் கூட முன்பு குறைந்த சம்பளம் ஒன்று இருந்தது, அதை 2022 ஜனவரியில் நீக்கிவிட்டார்கள். வழிகாட்டிக்கு நாள் கணக்குத்தான். விடிய நாலு மணிக்குத் தொடங்கி மாலை ஆறு மட்டும் வேலை செய்தால் பதினாலு மணித்தியாலம், 172ஐப் பதினாலால் பிரித்துப் பாருங்கள், மணிக்குப் பன்னிரண்டு டொலர் சொச்சம். அதைவிடக் கூடக் கொடுக்கிற முதலாளிமார் இருக்கிறார்கள், ஆனால் சட்டம் அப்போது வைத்த அடித்தளம் இதுதான்.

யாருக்குக் கொடுப்பது? மேட் இருந்தால் மேட்டின் கையில். கப்டனிடம் கொடுத்தால் அவனுக்குப் போகும்தானே என்று சிலர் சொல்வார்கள். வேலையாளுக்கு வந்த டிப்ஸை முதலாளி பிடித்துவைக்கக் கூடாது என்று 2016இலேயே ஒன்ராறியோவில் சட்டம் வந்துவிட்டது. இருந்தாலும் நேரே கையில் கொடுத்து, முகத்தைப் பார்த்து நன்றி சொல்லிக் கொடுப்பது வேறுதானே. மேட் இல்லாமல் கப்டனே தனியாக எல்லாம் செய்தால் அவருக்குக் கொடுங்கள். படகு சொந்தக்காரருக்கு டிப்ஸ் தேவையில்லை என்று ஒரு பழைய பேச்சு இருக்கிறது. எட்டு மணித்தியாலம் உங்களுக்காகத் தூண்டில் மாற்றினவருக்கு அந்தப் பேச்சைச் சொல்லிக் காட்ட எனக்கு மனசு வராது. இதில் சிக்கலே வராமல் இருக்க ஒரு வழி, படகில் ஏற முதலே ஒருவர் எல்லாரிடமும் காசைச் சேர்த்து ஒரு கடித உறையில் வைத்திருப்பது. காசு கையில் இல்லையா, வங்கிக் கணக்கில் இருந்து இ-ட்ரான்ஸ்ஃபர் அனுப்பலாமா என்று கேளுங்கள், அங்கேயே நின்று அனுப்புங்கள்.

பிறகு இந்த மீன் வெட்டுகிற விடயம். சில படகுகளில் அது கட்டணத்தோடு சேர்த்தி, சிலதில் தனிக் காசு, பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பழக்கம் முள் நீக்கி இரண்டு துண்டமாக எடுத்துத் தருவது, தலையையும் நடுமுள்ளையும் எறிந்துவிடுவார்கள். எங்களுக்குத் தலை வேண்டும், முள்ளோடு கறித்துண்டு வேண்டும், முட்டை இருந்தால் அதுவும் வேண்டும். கேளுங்கள், சந்தோசமாகச் செய்து தருவார்கள், ஆனால் அது அவருக்கு மேலதிக வேலை, அதற்கென்று பத்து இருபது டொலர் கூடப் போடுங்கள். மட்டன் ரோல்ஸ் கொண்டுபோனால் கப்டனுக்கும் மேட்டுக்கும் கட்டாயம் கொடுங்கள், இரண்டு பேரும் ஒன்றுமே சாப்பிடாமல் ஏறியிருப்பார்கள். அது டிப்ஸுக்குப் பதில் இல்லை, மதுப் போத்தலும் பதில் இல்லை. வாழைப்பழம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் படாது என்று நம்புகிற கப்டன்மார் நிறையப் பேர் உண்டு, அவர்களுடைய படகில் அவர்களுடைய நம்பிக்கைக்கு மரியாதை கொடுப்போம்.

குறைக்கவே கூடாதா என்று கேட்டால், குறைக்கலாம். ஆள் பிந்தி வந்தார், நாள் முழுக்கப் போனில் கிடந்தார், பிள்ளைகளோடு எரிந்து விழுந்தார், தன் வசதிக்காக நேரத்தோடு திருப்பினார் என்றால் குறையுங்கள், காரணத்தையும் மரியாதையாகச் சொல்லுங்கள். ஆனால் இடி மின்னலைக் கண்டு, காற்றைக் கண்டு திருப்பினவரிடம் குறைக்காதீர்கள். அவர் உங்கள் பிள்ளைகளைப் பத்திரமாகக் கரை சேர்த்திருக்கிறார், அதற்கு முழு டிப்ஸும் கொடுக்க வேண்டும்.

இரண்டு நிமிடம்தான் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இன்னும் நிறையச் சொல்ல இருந்தது, வேகமாகச் சொல்கிறேன். வடக்கே மீன்பிடிக்கத் தங்குகிற லொட்ஜ்களில் நாலைந்து நாள் தங்கினால் வழிகாட்டிக்குத் தனி உறை, சமையல், துப்புரவு செய்கிறவர்களுக்குத் தனி உறை, கடைசி நாளில். வழிகாட்டி நாளுக்கு நாள் மாறினால் அன்றன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ஃபுளோரிடாவுக்கு விடுமுறையில் போகிறவர்கள், நாற்பது ஐம்பது பேரை ஏற்றுகிற பெரிய படகுகளில் டிக்கெட் மலிவு, அங்கே மேட்மார் பெரும்பாலும் டிப்ஸில்தான் வாழ்கிறார்கள், அதை நினைவில் வைத்திருங்கள். சிம்கோ ஏரியில் குளிர்காலத்தில் பனிக்கட்டிக்கு மேல் குடில் எடுத்தால், உங்களை வண்டியில் ஏற்றிப் போய், துளை போட்டு, அடுப்பு மூட்டிவிட்டு வருகிறவருக்கும் இதே கணக்குத்தான், அவர் கொஞ்ச நேரம்தான் நிற்கிறார் என்று பார்க்காதீர்கள். அப்புறம், ஒன்ராறியோவில் பதினெட்டு வயதானவர்களும் அதற்கு மேற்பட்டவர்களும் மீன்பிடி அனுமதிப்பத்திரம் எடுக்க மறக்க வேண்டாம், கனடாவில் வசிக்கிற அறுபத்தைந்து வயதான, அதற்கு மேற்பட்ட அம்மா அப்பாவுக்கு அரசாங்க அடையாள அட்டை போதும். நேரம் முடிந்துவிட்டது, நன்றி, வணக்கம்.