சருகு மூட்டையோடு வாருங்கள்

விழாத் தலைவர் அவர்களே, இனிய வரவேற்புரை வழங்கிய செயலாளர் அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே பேசி என் சுமையைக் குறைத்த பேராசிரியர் அவர்களே, நெடுந்தொலைவு பயணம் செய்து வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, காலையிலிருந்து ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் தம்பி அவர்களே, பின் வரிசையில் நகக்கண்ணில் மண்ணோடு உட்கார்ந்திருக்கும் என் சனிக்கிழமைத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

தலைவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போனால் நான் நன்றி கெட்டவனாவேன். சும்மா கிடந்த மனையை அவர் நமக்குக் கொடுத்தார். அது பெரிதல்ல, பலர் கொடுக்கிறார்கள். இவர் சாவியையும் சேர்த்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு நாளாவது வந்து ‘கத்திரி ஏன் இங்கே, கீரை ஏன் அங்கே’ என்று கேட்டதில்லை. நம் பொருளாளரையும் வணங்கிவிடுகிறேன். அவரை விட்டுவிட்டால் அடுத்த மாதம் மண்வெட்டிக்குப் பிடி போடக் காசு வராது. செயலாளர் வரவேற்புரையில் என்னை ‘இயற்கை வேளாண் அறிஞர்’ என்றார். அதை அவரே வைத்துக்கொள்ளட்டும். நான் வாரா வாரம் களை பிடுங்குகிறவன், அவ்வளவுதான்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘சமூக இயற்கைத் தோட்டத்தில் தன்னார்வத் தொண்டு’. இதை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். ஒன்று நேரம், இரண்டு எரு, மூன்று விதை. கடிகாரம் இடம் கொடுத்தால் மூன்றையும் சொல்வேன்.

முதலில் நேரம். என் தந்தை நாளுக்கு நான்கு தடவையாவது சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: ‘உடையவன் பாராப் பயிர் உருப்படாது.’ பள்ளியில் மதிப்பெண் குறைந்தாலும் இதுதான், சைக்கிளில் காற்று இறங்கினாலும் இதுதான். அன்றைக்கு எரிச்சலாக இருக்கும். இன்றைக்கு நானே அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஆனால் சமூகத் தோட்டத்தில் இந்தப் பழமொழி ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்கிறது. இங்கே உடையவன் யார்? எல்லாரும்தான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எல்லாரும் உடையவர் என்றால், வெயில் ஏறிய ஒரு செவ்வாய்க்கிழமையில் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியவர் யார்? பத்துப் பேர் கூடினால் பாம்பு சாகாது என்பார்களே, அந்தக் கதைதான். தொடக்க விழாவில் அறுபது பேர் வந்தோம். ஆளுக்கொரு கன்று நட்டோம், படம் எடுத்துக்கொண்டோம். மூன்றாம் வாரம் போய்ப் பார்த்தேன். நான்கு பேர் இருந்தோம். அந்த நான்கில் ஒருவர் மறந்துபோன குடையை எடுக்க வந்தவர்.

நியூயார்க் நகரில் 1973-ஆம் ஆண்டு லிஸ் கிறிஸ்டி என்ற பெண்மணியும் அவருடைய நண்பர்களும், குப்பை குவிந்து கிடந்த ஒரு காலி மனையைச் சுத்தம் செய்து தோட்டமாக்கத் தொடங்கினார்கள். அந்தத் தோட்டம் அவர் பெயரைத் தாங்கி இன்றும் நிற்கிறது. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. குப்பையை ஒரு நாளில் கூட அள்ளிவிடலாம். அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளாக யார் யாரோ தவறாமல் வந்து களை எடுத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்களே, அவர்களைத்தான் நான் உடையவர்கள் என்று சொல்வேன். பத்திரத்தில் பேர் இருப்பவரைச் சொல்லவில்லை. தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஒழுங்காக வருவது ஏன் முக்கியம் என்று என்னைவிடத் தக்காளி நன்றாகச் சொல்லும். காயின் அடியில், பூ உதிர்ந்த இடத்தில், நீர் கோத்தது போல் ஒரு வட்டம் தோன்றும். சில நாளில் அது கறுத்து, செருப்புத் தோல் மாதிரி ஆகி உள்ளே குழிந்துவிடும். புதிதாக வருபவர் பூச்சி என்பார், நோய் என்பார், மருந்து உண்டா என்பார். அது பூச்சியும் இல்லை, தொற்றும் இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. மண்ணில் பெரும்பாலும் சுண்ணாம்பு இருக்கத்தான் செய்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு போவது தண்ணீர். ஒரு வாரம் செடியைக் காயப் போட்டுவிட்டு, மறுவாரம் மனம் கேட்காமல் பூவாளி பூவாளியாக ஊற்றினால் நடப்பது இதுதான். நாம் வராத நாட்களின் வருகைப் பதிவேட்டைத் தக்காளி தன் அடியில் எழுதி வைத்திருக்கிறது. அவரைச் செடியும் இப்படித்தான். காயைப் பறிக்காமல் கொடியிலேயே முற்ற விட்டால், விதை கொடுத்தாயிற்று, இனி என்ன என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

ஒழுங்காக வருகிறவருக்குத்தான் கண் பழகும். போன பருவத்தில் ஓர் இளைஞர் புதிதாக வந்தார். நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு. அவரைக் கொடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்த்திருந்தது. அவர் ஒரு மணி நேரம் குனிந்து நின்று, கறுத்த உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு குட்டி முதலை போல் ஊர்ந்த புழுக்களைத் தேடித் தேடி நசுக்கினார். ‘அம்மா, இருபதுக்கு மேல் கொன்றுவிட்டேன்’ என்று பெருமையோடு எங்கள் மூத்த தன்னார்வலரிடம் வந்து சொன்னார். அந்த அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவும் பொறிவண்டின் புழுக்கள். அசுவினியைத் தின்று தீர்க்க வந்த நம் கூலியில்லா ஆட்கள். நாம் மருந்து தெளிப்பதில்லை. அப்படியானால் நமக்கு இருக்கும் ஒரே ஆயுதம் பார்த்துக்கொண்டிருப்பது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்கும். அந்த இளைஞர் இப்போது பின் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். நிமிருங்கள் தம்பி, இன்று பொறிவண்டைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவரே நீங்கள்தானே.

ஆகவே நான் கேட்பது பெரிய தியாகம் அல்ல. வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், அதே நாள், அதே நேரம். ஆண்டுக்கு ஒரு முறை வந்து நாள் முழுக்க வியர்வை சிந்துபவரைவிட எனக்கு அப்படி வாரா வாரம் வருகிறவர்தான் வேண்டும். சான்றிதழுக்காக வரும் மாணவர்களைச் சிலர் குறை சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். எதற்காக வந்தாலும் செடி தண்ணீரைக் குடித்துவிடுகிறது.

இரண்டாவது, எரு. இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும், கேட்காதவர்கள் வந்திருக்கிறார்கள்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை. முந்தைய சனிக்கிழமைதான் உரக்குவியல் போட்டிருந்தோம். காய்ந்த சருகு ஓர் அடுக்கு, சமையலறைக் கழிவும் பச்சைத் தழையும் ஓர் அடுக்கு என்று மார்பளவுக்கு ஏற்றியிருந்தோம். அடுக்கி, நனைத்து, புரட்டிப் போடும் இந்த முறையைச் சீர்படுத்தி உலகுக்கு எழுதிக் கொடுத்தவர் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய அறிஞர். 1924-க்கும் 1931-க்கும் இடையில் இந்தோரில் அவர் செய்து பார்த்த வேலை அது. உழவர்களிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்று ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை அவருக்கு இருந்தது. கதைக்கு வருகிறேன்.

ஆறு மணிக்கு நான் சைக்கிளில் தெருமுனை திரும்புகிறேன். தோட்டத்து வாசலில் சிவப்பு வண்டி நிற்கிறது. தீயணைப்பு வண்டி! கருவிக் கொட்டகை போய்விட்டது என்று நினைத்தேன். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினால், கொட்டகை நன்றாக இருக்கிறது. நான்கு வீரர்கள் குழாயை உருட்டி விரித்து, நம் உரக்குவியலைக் குறி பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். குவியலிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. எதிர் மாடியில் யாரோ பார்த்துப் பயந்துபோய்த் தொலைபேசியில் அழைத்துவிட்டார்கள்.

அந்தக் குழாயைத் திறந்திருந்தால் எங்கள் ஒரு வார உழைப்பு சாக்கடைக்குப் போயிருக்கும். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குவியலுக்கு முன்னால் போய் நின்றேன்.

‘ஐயா, பொறுங்கள். இது புகை இல்லை. ஆவி!’

‘ஆவியா?’ என்று ஒரு இளம் வீரர் இரண்டடி பின்னால் போய்விட்டார். விடியாத நேரம், மரத்தடி, குறுக்கே கையை விரித்துக்கொண்டு ஒரு கிழவன். அவர் மேல் தவறில்லை.

அதிகாரி நிதானமானவர். ‘நெருப்பில்லாமல் ஆவி எப்படி வரும்?’ என்று கேட்டார். நீண்ட வெப்பமானியைக் கொண்டுவந்து குவியலுக்குள் செருகினேன். முள் மெல்ல ஏறி 62 டிகிரியில் நின்றது. அவர் நம்பவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, மணிக்கட்டு வரை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். பிறகு அந்தக் கையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் சாப்பிடுகின்றன, அவை விடும் சூடுதான் இது, 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் பெரும்பாலான களை விதைகளும் நோய்க்கிருமிகளும் செத்துவிடும், குவியல் நீள அகல உயரம் ஒரு மீட்டருக்குக் குறைந்தால் இந்தச் சூடு தங்காது என்று நான் விளக்கினேன். நான்கு வீரர்களும் கைகட்டிக் கேட்டார்கள். அப்படியொரு சபை எனக்கு அதற்கு முன்பும் வாய்த்ததில்லை, இன்றும் வாய்க்கவில்லை. கைதட்டாதீர்கள், கதை முடியவில்லை.

குழாயைச் சுருட்டிக்கொண்டு வண்டி புறப்பட்டது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒருவர் வீட்டு வாசலைக் கூட்டி, சருகைக் குவித்து, தீ வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று குளிர் காய்ந்துகொண்டிருந்தார். உண்மையான நெருப்பு, உண்மையான புகை. வண்டி அதைத் தாண்டிப் போனது. வண்டியில் இருந்த ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர் மாடியிலிருந்தும் யாரும் அழைக்கவில்லை. ஆவி விட்ட குவியலுக்குத் தீயணைப்பு வண்டி வந்தது. எரிந்த குவியல் எல்லாருடைய கண்ணுக்கும் பழகிப்போயிருந்தது.

நண்பர்களே, தன்னார்வத் தொண்டைப் பற்றிப் பேச வந்தவன் சருகைப் பிடித்துக்கொண்டேனே என்று நினைக்கிறீர்கள். நினையுங்கள். இரண்டு ஆண்டுகளாக எந்த மேடை கொடுத்தாலும் நான் இதைத்தான் பேசுகிறேன். சமையலறைக் கழிவு எங்களுக்கு ஏராளமாக வருகிறது. பஞ்சம் சருகுக்குத்தான். குவியலுக்கு ஒரு பங்கு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருந்தால் ஏறக்குறைய 30 பங்கு கரிச்சத்து, அதாவது கார்பன், வேண்டும். அது சருகில் நிறைய. காய்கறித் தோலை மட்டும் குவித்தால் தழைச்சத்து மிஞ்சும், காற்று புகாது, நாறும். நாறினால் அக்கம்பக்கத்தார் மனு எழுதுவார்கள். மனுவுக்குப் பயந்தே மூடப்பட்ட தோட்டங்கள் உண்டு. ஒரு வாளி கழிவின் மேல் இரண்டு மூன்று வாளி சருகு போட்டால் நாற்றமும் இல்லை, ஈயும் இல்லை. எரு பழுத்ததும் கையில் எடுத்துப் பாருங்கள். முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை வரும்.

இந்தச் சருகைத்தான் நாம் எரிக்கிறோம். எரித்தால் அதிலுள்ள தழைச்சத்தும் கரிச்சத்தும் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். மிஞ்சுவது கைப்பிடிச் சாம்பல். போவது சும்மாவும் போகவில்லை. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களாக நுரையீரலின் அடி வரை இறங்குகிறது. பக்கத்து வீட்டில் மூச்சிரைப்புக்காரர் இருந்தால் அன்றிரவு அவருக்குத் தூக்கம் இல்லை. எரிப்பவர் கெட்டவரா? இல்லை. வாசல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற நல்ல மனிதர். அதனால்தான் அவரிடம் சண்டை போட முடியவில்லை. ‘உடையவன் பாராப் பயிர் உருப்படாது’ என்று சொன்னேனே, சருகுக்கு மட்டும் உடையவனே கிடையாது. மரத்தில் இருக்கும் வரை ‘எங்கள் வீட்டு மரம்’ என்கிறோம். கீழே விழுந்த நொடியில் அது குப்பை.

தோட்டத்தில் வந்து குனிந்து நிமிர முதுகு ஒத்துழைக்காது என்று பலர் என்னிடம் வருத்தப்படுகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வாரம் ஒரு மூட்டை சருகு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போங்கள். நீங்களும் எங்கள் தன்னார்வலர்தான். வருகைப் பதிவேட்டில் பேர் எழுதுகிறேன். இன்று எனக்கு அன்போடு ஒரு நினைவுப் பரிசு கொடுத்தார்கள், நன்றி. அது சருகு மூட்டையாக இருந்திருந்தால் இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாகப் புகழ்ந்திருப்பேன்.

தலைவர் கையை மணியின் மேல் வைத்திருக்கிறார். மூன்றாவது, விதை. விதை சேமிப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசலாம். எந்தத் தக்காளிக்கு விதை எடுக்கலாம், பூசணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன கலப்பு நடக்கும் என்றெல்லாம் குறித்துக்கொண்டு வந்தேன். தலைவர் மணியை எடுத்தேவிட்டார். விதையை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். பேராசிரியர் எனக்கு முன்னால் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. மண்டபத்தின் வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் முப்பது காலிச் சாக்குகள் மடித்து வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள். சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குத் தோட்டத்து வாசல் திறந்திருக்கும். சாக்குகளை எண்ணித்தான் வைத்திருக்கிறேன். வணக்கம்.